டெஸ்ட் பேஜை யார் எடுத்தது?

பிரிண்டர் சர்வீஸ் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வேலையில் இருந்தவரை யாரும் என்னை நாலு வார்த்தை முழுசாகப் பேச விட்டதில்லை. "ஏனுங்க பாய், பிரிண்டர் என்னாச்சுங்க?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் இந்த வாய்ப்பை நான் விடுவதாக இல்லை.

டிரைவர் போடுவது, வரிசையில் சிக்கிய பிரிண்டை எடுத்துவிடுவது, நின்று போனதை மறுபடி ஓட விடுவது, இதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் சொல்லப்போவது நான் செய்த தவறுகளிலேயே பெரிய தவறைப் பற்றி. அதில் எந்த மெஷினும் கெட்டுப்போகவில்லை. ஒரு பெண்ணின் வேலைதான் போகப் பார்த்தது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாக இருக்கிறார். மெஷினைத் திறக்காமல் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுவார். ஆனால் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதச் சொன்னால் அவருக்குக் கை வலிக்கும். "காரணம் தெரியலைன்னா 'பயனர் தவறு'ன்னு எழுதிடு. அதை எவனும் படிக்க மாட்டான்" என்பார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பேர் மேல் அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். யாரும் படிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

படிக்கிற ஆள் ஒருவர் கொல்லிமலை மேலே இருந்தார்.

அங்கே மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு எங்கள் கம்பெனி சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கத்துக்கு இரண்டு கட்டடம். ரோட்டை ஒட்டி ஆபீஸ். அதில் முன்னால் கவுன்ட்டர், பின்னால் மேனேஜர் ரூம். ஆபீசுக்குப் பின்னால் சரிவில் நாற்பது ஐம்பது படி ஏறினால் கிடங்கு. கவுன்ட்டரில் ஒரு பிரிண்டர், மேனேஜர் ரூமில் ஒன்று, கிடங்கில் ஒன்று. மூன்றும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவை. மேனேஜர் மேசைக்கு அடியில் பிரிண்ட் சர்வர். பெயர்தான் பெரிசு. யார் பிரிண்ட் கொடுத்தாலும் வாங்கி வரிசையில் வைத்து, எந்த பிரிண்டருக்குப் போக வேண்டுமோ அதற்கு அனுப்பும் ஒரு பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

விவசாயி மூட்டையோடு வந்தால் கவுன்ட்டரில் மிளகின் ஈரத்தைப் பார்ப்பார்கள். பார்த்ததும் ஒரு சீட்டு பிரிண்ட் ஆகும். சீட்டு இருந்தால்தான் கிடங்கில் மூட்டை இறங்கும். ஒரு மூட்டைக்கு ஒரு தடவைதான் சீட்டு அடிக்கலாம். இன்னொரு தடவை அடிக்க வேண்டுமானால் மேனேஜர் அனுமதி வேண்டும்.

கவுன்ட்டரில் இருந்தது சங்கீதா. மலையிலேயே இருக்கும் திருப்புலி நாட்டுப் பெண், கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சித்திரை பிறந்ததும் அவளிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்தது.

"ஏனுங்க பாய், சீட்டு குடுத்தா வர மாட்டேங்குதுங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா அடிச்சாச்சுன்னு காட்டுதுங்க."

"யாராவது எதையாவது மாத்துனீங்களா? எதையாவது தொட்டீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுமே பண்ணலீங்க."

நான் நாமக்கல்லில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைந்து பார்ப்பேன். எல்லாம் பச்சையாக இருக்கும். ஒரு டெஸ்ட் பேஜ் கொடுப்பேன். 'வெற்றிகரமாக அச்சிடப்பட்டது' என்று சர்வர் சொல்லும். சர்வர் எனக்கு மாமன் மச்சானா, என்னிடம் எதற்குப் பொய் சொல்லப்போகிறது? ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'டெஸ்ட் பேஜ் வந்தது. பிரிண்டர் நன்றாக உள்ளது. பயனர் தவறு.'

சில நாள் தானாகவே சரியாகிவிடும். சில நாள் ஒரு சீட்டு வர அரை மணி நேரம் ஆகும். சில நாள் போனது போனதுதான். மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் அதே ரிப்போர்ட்டை எழுதினேன். எழுதினேன் என்றுகூடச் சொல்லக் கூடாது, பழசை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினேன்.

வைகாசியில் ஒரு நாள் மேனேஜரே கூப்பிட்டார். "பாய், ஒரு கையெழுத்து போடணும். நேர்ல வந்துட்டுப் போங்க. மத்தியானம் சாப்பாடு இங்கயே."

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் எழுபது வளைவும் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள், முன்சீட்டில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். நான் கேட்கவில்லை. சங்க ஆபீசில் நுழையும்போது என் சட்டை இருந்த நிலைமைக்கு யாரும் என்னைப் பெரிய மனிதனாக நினைத்திருக்க முடியாது.

மேனேஜர் சமவெளிக்காரர். வேறு எங்கோ வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். காகிதம் என்றால் உயிர். என் மூன்று ரிப்போர்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ரிப்போர்ட்டைப் படிக்கிற ஒரு மனிதரை முதல் முறையாகப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வைத்திருந்த இன்னொரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அதில் இருந்தது இதுதான். இரண்டு மாதத்தில் பதினோரு சீட்டு காணாமல் போயிருக்கிறது. பிரிண்டரில் குறை இல்லை என்று சர்வீஸ் இன்ஜினியர் மூன்று முறை உறுதி செய்திருக்கிறார். ஆகவே கவுன்ட்டர் ஊழியர் சீட்டை அடித்து வேறு யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும். கீழே என் கையெழுத்துக்கு இடம். மூன்று மணிக்குச் சங்கக் கமிட்டி கூடுகிறது. இந்தக் காகிதம் போனால் சங்கீதா வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான்.

வேலை போவது ஒரு பக்கம். மிளகுச் சீட்டைத் திருடியவள் என்ற பெயரோடு அந்த மலையில் அவளுக்கு வேறு எந்த ஆபீஸ் கதவு திறக்கும்? அவள் இனி கீழே இறங்கித்தான் பிழைக்க வேண்டியிருக்கும். அங்கேயும் பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள்.

நான் ஒத்துக்கொள்கிறேன், அந்த நிமிடம் இதெல்லாம் என் மனசில் ஓடவில்லை. நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

சங்கீதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

"ஏனுங்க பாய், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. டெஸ்ட் பேஜ் வந்துச்சுன்னு மூணு தடவையும் எழுதியிருக்கீங்க. அதை யாருங்க எடுத்தாங்க?"

"என்னம்மா?"

"நீங்க நாமக்கல்ல இருந்தீங்க. நான் பிரிண்டர் பக்கத்துல நின்னுட்டு இருந்தேனுங்க. என் கைக்கு வரலீங்க. அப்புறம் வந்துச்சுன்னு நீங்க எப்படிங்க எழுதுனீங்க?"

எனக்கு முதலில் வந்தது கோபம். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாத பெண் எனக்கு வேலை சொல்லித் தருகிறதா என்று. அடுத்துத்தான் அவள் கேட்டதை யோசித்தேன். சர்வர் அனுப்பியதைப் பார்த்தேன். காகிதம் வந்ததை நான் பார்க்கவில்லை. வந்ததா என்று ஒரு வார்த்தை போனில் கேட்டிருக்கலாம், அதையும் கேட்கவில்லை.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன். "சார், ஒரு தடவை பாத்துட்டுப் போட்டுடறேன்" என்றேன்.

மேனேஜருக்கு முகம் மாறியது. "மூணு தடவை பாத்தாச்சே பாய்?" என்றார். வெளியே போய் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். ஐந்து நிமிடத்தில் என் கம்பெனி முதலாளி போனில் வந்தார். "கையெழுத்துதானே கேக்கறாங்க? போட்டுட்டு வாங்க பாய். நம்ம ரிப்போர்ட்டு தப்புன்னு நாமளே சொன்னா நாளைக்கு எவன் நம்மளக் கூப்பிடுவான்?" சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மலையில் எப்போதும் நம்பக்கூடிய ஒரே விஷயம் அந்தப் பொய்தான்.

மணி ஒன்று. கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் டெஸ்ட் பேஜ் கொடுத்தேன். வெற்றிகரமாக அச்சிடப்பட்டது என்றது சர்வர். பிரிண்டர் அசையவில்லை. கேபிளை மாற்றினேன், டிரைவரை எடுத்துவிட்டுப் போட்டேன், சர்வரை ஒரு தடவை அணைத்து எழுப்பினேன். தெரிந்த வித்தை அத்தனையும் காட்டியாகிவிட்டது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சங்கீதா ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இரண்டு மணி வாக்கில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் ஒரு இடி. சத்தம் அடங்குவதற்குள் பின்கதவு வழியாக வெள்ளையன் வந்தார். சங்கத்தின் காவலும் அவர்தான், கிடங்கும் அவர் பொறுப்புதான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பிரிண்டர் பிளக்கைப் பிடுங்கினார். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். மேனேஜர் ரூமுக்குள் போய் சர்வர், ரவுட்டர், அவருடைய பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கினார். நான் டிரைவர் போட்டுக்கொண்டிருந்த திரை கறுத்துப் போனது.

"என்னங்க பண்றீங்க!"

"இடி இடிக்குதுங்க" என்றார், நான் ஏதோ பச்சைக் குழந்தை என்பதுபோல.

"எப்பவும் இப்படித்தானா?"

"இடி இடிச்சாத்தானுங்க."

நான் சங்கீதாவைப் பார்த்தேன். "ஏம்மா, எதையாவது தொட்டீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே! ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னியே!"

அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நாங்க ஒண்ணும் பண்ணலீங்களே? இடி இடிச்சுதுங்க, அண்ணன் ஒயரப் புடுங்கிட்டாருங்க."

அவள் மேல் தப்பே இல்லை. அந்த மலையில் சித்திரை வைகாசியில் இடி விழுந்து எரிந்து போகாத டிவி இருக்கும் வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம். முதல் இடிக்கு ஒயரைப் பிடுங்குவது அவர்களுக்குக் காயப்போட்ட மிளகை உள்ளே எடுப்பது மாதிரி. அதை யாராவது 'பண்ணினோம்' என்று சொல்வார்களா? நீங்கள் காலையில் பல் துலக்கியதைப் புகார் எண்ணில் பதிவு செய்வீர்களா?

இனி உங்களுக்கே விளங்கியிருக்கும். ஒவ்வொரு பிரிண்டருக்கும் விலாசம் மாதிரி ஒரு நம்பர் கொடுக்கும் அந்த ரவுட்டர் மலிவானது. மின்சாரம் போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். திரும்ப வந்ததும், எது முதலில் விழிக்கிறதோ அதற்கு முதல் நம்பர் என்று டோக்கன் மாதிரி கொடுக்கும். சர்வருக்கோ பழைய நம்பர் மட்டும்தான் தெரியும், அது இப்போது யாரிடம் இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடும். நான் முதன்முதலில் அவற்றைப் பொருத்தியபோது நம்பரை நிலையாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். கட்டவில்லை. அன்றும் பஸ் பிடிக்கும் அவசரம்.

ஒரு மணி நேரம் மழை கொட்டியது. அதற்குள் கமிட்டிக்காரர்கள் குடையோடு வந்து மேனேஜர் ரூமில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை விட்டதும் வெள்ளையன் கிடங்கில் ஆரம்பித்துக் கீழே வரை வரிசையாக ஒயரைச் சொருகிக்கொண்டு வந்தார். நான் கவுன்ட்டர் பிரிண்டரையே அதன் நம்பரைச் சொல்ல வைத்து ஒரு தாள் எடுத்தேன். சர்வர் வைத்திருந்த நம்பர் அது இல்லை. அப்படியானால் அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது? டெஸ்ட் பேஜ் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிடங்குப் படியில் ஓடினேன். வழுக்கிவிட்டு ஒரு இடத்தில் உட்கார்ந்தேன், அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கிடங்கு பிரிண்டர் மேல் என் டெஸ்ட் பேஜ் சூடாகக் கிடந்தது.

அந்த பிரிண்டரை லாரி வரும் நாளில் மட்டும்தான் யாராவது தொடுவார்கள். பின்னாலேயே வந்த வெள்ளையன் அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகப் போனார்.

"அதை எதுக்குங்க எடுக்கறீங்க?"

"பொட்டலத்துக்குங்க. மூட்டைக்கு மூட்டை மாதிரிக்கு எடுக்கற மிளகைக் கட்டக் காகிதம் இல்லீன்னு மேனேஜர் சார்கிட்ட பங்குனி மாசம் கேட்டனுங்க. பாக்கலாம்னு சொன்னாருங்க. சித்திரைல இருந்து இதுல அனுப்பிச்சுட்டு இருக்காருங்க."

"யாரு, மேனேஜரா?"

"ஆமாங்க. ஒரு பக்கம் அடிச்ச பழைய காகிதந்தானுங்க. எனக்கு அது போதுமுங்க. காகிதம் வந்துச்சுங்க சார்னு ஒரு நாள் சொன்னனுங்க. சரி சரின்னு தலையாட்டுனாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "அந்தப் பொட்டலமெல்லாம் எங்கீங்க?"

"இன்னிக்கிக் கமிட்டிக்குக் காட்டணும்னு தட்டுல வெச்சு மேசை மேல குடுத்துட்டனுங்க."

இறங்கி ஓடினேன். மேனேஜர் ரூமில் கமிட்டி ஆரம்பித்திருந்தது. தலைவர் எண்பதை நெருங்கும் மிளகு விவசாயி. பக்கத்தில் இரண்டு பேர். சங்கீதா சுவரோரம் நின்றிருந்தாள். மேனேஜர் என் மூன்று ரிப்போர்ட்டையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவர் குரலில் கேட்டபோது அந்த இரண்டு வார்த்தை ஏதோ தீர்ப்பு மாதிரி இருந்தது. அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே அந்தத் தட்டு.

சேறு ஒட்டிய பேன்ட்டோடு உள்ளே போய், கேட்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்தேன். வெளிப்பக்கம் வெள்ளை, அதில் வெள்ளையன் கையெழுத்தில் மூட்டை நம்பர். மிளகைத் தட்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தை விரித்தேன். ஈரப்பதச் சீட்டு. விவசாயி பெயர், தேதி, மணி, கவுன்ட்டர்: சங்கீதா.

இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் சீட்டு. மேனேஜர் படிப்பதை நிறுத்திவிட்டார். ஆறாவது பொட்டலத்தில் இருந்தது என் டெஸ்ட் பேஜ். நான் வந்தது என்று எழுதிய அதே தேதி. வந்துதான் இருக்கிறது, ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி மட்டும் உண்மை.

கமிட்டியில் ஒருவர் ஒரு சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். "இது எங்க மச்சானோட சீட்டுங்க! இது இல்லாமத்தான அன்னிக்கு மூட்டையத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போனாப்ல!" என்று கத்தினார். பதினொன்றும் கிடைத்தன. மேசை முழுக்க மிளகு.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தார் போல. என்னை நானே காப்பாற்றிக்கொள்ளவும் அங்கே ஒரு வழி இருந்தது. ரவுட்டர் மேல் போடலாம், இடி மேல் போடலாம், ஒயரைப் பிடுங்கிய வெள்ளையன் மேல் போடலாம். முதலாளிக்கும் அதுதான் பிடித்திருக்கும். ஆனால் அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றிருந்தாள். இன்னொரு ஆள் மேல் இன்னொரு தடவை எழுத எனக்கு மனசு வரவில்லை.

"தலைவரே, தப்பு என்னோடதுங்க" என்றேன். "நம்பரை நான்தான் கட்டி வைக்கலை. காகிதம் வந்துச்சான்னு கேக்காமயே வந்துச்சுன்னு எழுதுனதும் நான்தான். இந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நெசம்."

தலைவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு சங்கீதாவைப் பார்த்து, "உக்காரு கண்ணு, எதுக்கு நிக்கற?" என்றார். அவளுக்கு அங்கே நாற்காலி இல்லை. மேனேஜர் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளினார். அந்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை நான் விட்டுவிட்டேன்.

மூன்று பிரிண்டருக்கும் நம்பரைக் கட்டி வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதப் பிரச்சினைக்குப் பத்து நிமிட வேலை. வெள்ளையனிடம் ஒயரைப் பிடுங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து அப்படி ஒரு சுற்றறிக்கை பின்னால் வந்தது. இடி அதைப் படித்ததாகத் தெரியவில்லை, அவரும் படிக்கவில்லை. நல்லவேளை, அதற்கடுத்த ஐப்பசியில் பக்கத்து ஆபீசில் எல்லாம் எரிந்தபோது சங்கத்தில் ஒரு பல்புகூடப் போகவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. 'எதையாவது தொட்டீங்களா?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உலகத்தில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். 'இன்னிக்குக் காலைல இருந்து என்னென்ன நடந்துச்சு?' என்று கேட்டு, டீ குடித்தது வரைக்கும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் யார் பெயரையாவது எழுதும் முன்னால், அதை ஒருவர் உரக்கப் படிக்கப் போகிறார், அந்த ஆளும் அங்கே நின்று கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி திட்டுவார். என்னைத் திட்டினார், நான் செத்துப் போகவில்லை. ஆறிப்போன கோழிக்குழம்பையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கிளம்பும் முன் கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புது ரிப்போர்ட் அடித்தேன். முதல் மூன்று ரிப்போர்ட்டும் தவறு, காரணம் சர்வீஸ் இன்ஜினியர் என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன். சங்கீதா பின்னால் நின்று வரி வரியாகப் படித்தாள்.

"எனக்கு ஒரு காப்பி வேணுங்க பாய்."

பிரிண்ட் கொடுத்தேன். வெற்றிகரமாக அச்சிடப்பட்டது என்று சர்வர் உடனே சொல்லிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஹாரன் சத்தம் கேட்டது. பிரிண்டர் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. தாள் மெதுவாக வெளியே வந்தது. சங்கீதா அதை இரண்டு கையாலும் எடுத்து, என் பெயர் இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"வந்துருச்சுங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.